கதவு, காசு, கிழமை, எல்லைக்கல்: ரோமத் தெய்வங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கக் கடவுள்களுக்கு லத்தீன் பெயர் வைத்ததுதானே ரோமப் புராணம்?

பாதிதான் சரி. ஜீயஸ் என்றால் ஜூபிடர், ஹேரா என்றால் ஜூனோ, ஏரெஸ் என்றால் மார்ஸ் என்று பட்டியல் போட்டுப் படிப்பதால் வரும் எண்ணம் இது. கதைகளில் பெரும்பகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் ரோமருக்குத் தெய்வம் என்றால் கதை பிறகு, காரியம் முதலில். எந்த நாளில், எந்த இடத்தில், எதைப் படைத்து, எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதில்தான் அவர்கள் சமயத்தின் உயிர் இருந்தது. கதவுக்கு ஜானஸ், கதவுக் கீலுக்கு கார்டியா, எல்லைக்கல்லுக்கு டெர்மினஸ், கோதுமையில் விழும் துரு நோய்க்குக்கூட ரோபிகோ என்றொரு தெய்வம். அதைச் சாந்தப்படுத்த ஏப்ரல் 25 அன்று விழா.

மார்ஸை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். கிரேக்க ஏரெஸ், தன் தந்தையே வெறுக்கும் கலகக்காரன். ரோம மார்ஸோ நகரை நிறுவிய ரோமுலஸின் தகப்பன், வயல்காவலும் கூட. பன்றி, ஆடு, காளை மூன்றையும் நிலத்தைச் சுற்றி ஓட்டிவந்து, பயிரையும் கால்நடையையும் நோய் அண்டாமல் காக்கும்படி மார்ஸிடம் வேண்டும் வழக்கம் இருந்தது. ‘மார்ஸ் என்றால் போர்’ என்று மட்டும் எழுதிவிட்டால் இந்த உழவர் தெய்வம் காணாமல் போய்விடுகிறது.

ஜூபிடர் என்ற பெயர் கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கியதல்ல. ‘வானத் தந்தை’ என்ற பொருளில் வேதங்கள் அழைக்கும் ‘த்யௌஸ் பிதா’, கிரேக்க ஜீயஸ், லத்தீன் ஜூபிடர் மூன்றும் ஒரே பழைய வேரில் கிளைத்தவை.

ஆண்டின் முதல் மாதம் ஏன் ஜானஸுக்கு?

பழைய ரோம ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற பெயர்களுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று பொருள். மார்ச்சிலிருந்து எண்ணினால்தான் கணக்கு சரியாக வரும். கி.மு. 153 முதல் கான்சல்கள் எனப்பட்ட ஆட்சித் தலைவர்கள் ஜனவரி 1 அன்று பதவியேற்றார்கள். அதன்பின் அந்த நாளே ஆண்டின் வாசலாக நிலைத்தது.

லத்தீனில் ‘யானுவா’ என்றால் கதவு. ஜானஸுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முகங்கள். கதவுக்கும் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு முகங்கள்தானே? இவருக்கு இணையான கிரேக்கத் தெய்வம் கிடையாது. ரோமில் இருந்த இவருடைய கோயில் கதவுகளைப் போர்க்காலத்தில் திறந்தும் அமைதிக்காலத்தில் மூடியும் வைப்பார்கள். தான் பிறப்பதற்கு முன் நகர வரலாற்றிலேயே இரண்டு முறைதான் அவை மூடப்பட்டன என்றும், தன் ஆட்சியில் மூன்று முறை மூடச் செனட் ஆணையிட்டது என்றும் பேரரசர் அகஸ்டஸ் தன் சாதனைக் கல்வெட்டில் பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

ஜானஸை ‘இரட்டை வேடக்காரன்’ என்ற பொருளில் இன்று பலர் எழுதுகிறார்கள். ரோமரிடம் அந்தப் பழிச்சொல் இல்லை. எந்த வேண்டுதலிலும் முதலில் அழைக்கப்பட்ட தெய்வம் அவர். செம்புக் காசில் ஒருபுறம் அவர் தலை, மறுபுறம் கப்பலின் முன்பகுதி. பையன்கள் அதைச் சுண்டிவிட்டு ‘தலையா, கப்பலா?’ என்று கேட்டு விளையாடினார்கள். நம் ‘பூவா தலையா’வேதான்.

கிழமைகளின் வரிசை தமிழிலும் ரோமிலும் ஒன்றாக இருப்பது எப்படி?

தற்செயல் அல்ல. சூரியன், சந்திரன், மார்ஸ், மெர்குரி, ஜூபிடர், வீனஸ், சாட்டர்ன் என்பது ரோம வரிசை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்பது நம்முடையது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரச் சுவர்க் கிறுக்கலிலேயே இந்த நாட்களின் பட்டியல் இருக்கிறது.

வரிசை பிறந்த கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பூமியிலிருந்து பார்க்க மெதுவாக நகரும் கோளிலிருந்து விரைவாக நகர்வது வரை அடுக்குங்கள்: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். ஒரு நாளின் 24 மணியையும் இந்த வரிசையில் கோள்களுக்குப் பங்கிடுங்கள். முதல் மணிக்கு உரிய கோளே அந்த நாளின் தலைவன். சனிக்கிழமை முதல் மணி சனிக்கு. 8, 15, 22-ஆம் மணிகளும் சனிக்கே. 23 வியாழனுக்கு, 24 செவ்வாய்க்கு. ஆக மறுநாள் முதல் மணி சூரியனுக்குப் போகிறது: ஞாயிற்றுக்கிழமை. இருபத்துநான்கை ஏழால் வகுத்தால் மீதி மூன்று. ஒவ்வொரு நாளும் வரிசையில் மூன்று இடம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். பஞ்சாங்கத்தில் வரும் ஹோரைக் கணக்கும் இதே. ‘ஹோரை’ என்ற சொல்லே கிரேக்கம். இந்தியாவில் கிழமை குறித்த பழைய கல்வெட்டு மத்தியப் பிரதேசத்தின் ஏரணில் இருக்கிறது, கி.பி. 484-ஐச் சேர்ந்தது, வியாழக்கிழமையைக் குறிக்கிறது.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இடம் ஒன்று என்பதால் தெய்வமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். வெள்ளிக்கு உரிய வீனஸ் பெண், காதலின் தெய்வம். நம் சுக்கிரன் ஆண், அசுரர்களின் குரு. ரோமச் சோதிடர்களும் சனிக் கோளைக் கண்டு அஞ்சினார்கள், ஆனால் சாட்டர்ன் என்ற தெய்வத்தின் விழா ஆண்டிலேயே கலகலப்பானது. டிசம்பர் 17-இல் தொடங்கும் அந்த சாட்டர்னேலியாவில், ஆண்டு முழுதும் கம்பளி நூலால் கட்டியிருக்கும் சிலையின் கால்களை அவிழ்த்துவிடுவார்கள். எசமானர்கள் அடிமைகளுக்குப் பரிமாறுவார்கள். மெழுகுத்திரியும் மண்பொம்மையும் பரிசாகக் கைமாறும்.

மருத்துவச் சின்னத்தில் பாம்பு ஒன்றா, இரண்டா?

ஒன்று. சிறகில்லாத ஒரு கோல், அதைச் சுற்றி ஒரு பாம்பு. அது மருத்துவத் தெய்வமான ஈஸ்குலேபியஸின் கோல். கி.மு. 293-இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது கிரேக்கத்தின் எபிடாரஸ் கோயிலுக்குத் தூதுக்குழு போயிற்று. கோயில் பாம்பு தானே கப்பலேறி வந்ததாகவும், டைபர் ஆற்றுத் தீவில் நீந்தி இறங்கியதாகவும் கதை. தீவில் கோயில் எழுந்தது. பிற்காலத்தில் தீவின் கரையைக் கப்பல் வடிவில் கல்லால் கட்டினார்கள். அதில் செதுக்கிய பாம்பும் கோலும் தேய்ந்த நிலையில் இன்னும் இருக்கின்றன. தீவில் இன்றும் மருத்துவமனை இயங்குகிறது.

இரண்டு பாம்பு, மேலே சிறகு என்றால் அது மெர்குரியின் கோல். அவர் தூதர், வணிகர்களின் காவலர், வழிப்போக்கருக்கும் திருடருக்கும் துணை, இறந்தோரை அழைத்துச் செல்பவர். மே 15 அன்று ரோம வணிகர்கள் அவருடைய ஊற்றுநீரை மொண்டு, லாரல் மரக் கிளையால் தங்கள் தலையிலும் சரக்கின் மேலும் தெளித்துக்கொண்டு, போன நாட்களில் செய்த பொய்ச் சத்தியங்களை மன்னிக்கும்படி வேண்டினார்கள் என்று கவிஞர் ஓவிட் எழுதுகிறார்.

குழப்பம் பரவப் பெரிய காரணம், 1902-இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு இரட்டைப் பாம்புக் கோலைச் சீருடைச் சின்னமாக எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்து மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் வரைந்தன. உலக சுகாதார நிறுவனம் 1948-இல் ஒற்றைப் பாம்பையே தேர்ந்தது. மருத்துவமனைக்கோ ஆம்புலன்ஸுக்கோ சின்னம் வரைபவர் மூன்றைச் சரிபார்த்தால் போதும்: ஒரு பாம்பு, வழவழப்பில்லாத மரக்கோல், சிறகு கூடாது. கூரியர் நிறுவனத்துக்கோ சரக்குப் போக்குவரத்துக்கோ என்றால் இரட்டைப் பாம்பு முழுக்கப் பொருந்தும்.

நீதிதேவதையின் கண்கட்டு ரோமர் கொடுத்ததா?

இல்லை. ரோமரின் யுஸ்டிட்டியா கண் திறந்தவள். தராசுகூட முதலில் ரோமக் காசுகளில் ஈக்விட்டாஸ் என்ற ‘நேர்மை’யின் கையில்தான் அடிக்கடி தெரிகிறது, மறு கையில் வளக்கொம்பு (கனிகள் நிரம்பி வழியும் கொம்பு) இருக்கும். கண்கட்டு ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் கழித்து வந்தது. 1494-இல் பாசல் நகரில் அச்சான நையாண்டி நூலின் மரச்செதுக்குப் படமொன்றில், கோமாளி ஒருவன் பின்னால் நின்று நீதியின் கண்ணைக் கட்டுகிறான். வழக்காடுவோரால் நீதி குருடாக்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு அது. 1543-இல் பெர்ன் நகர நீரூற்றில் அதே கண்கட்டு ‘ஆள் பார்க்காத நடுநிலை’ என்ற மெச்சத்தக்க பொருளோடு சிலையாகி நின்றது. ஐம்பதே ஆண்டுகளில் பழி புகழானது.

லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்ற உச்சியில் நிற்கும் பொன்முலாம் சிலைக்குக் கண்கட்டு இல்லை. 2024 அக்டோபரில் செய்தியான இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நூலகச் சிலைக்கும் இல்லை. அதன் ஒரு கையில் தராசு, வாளுக்குப் பதில் அரசமைப்புச் சட்டப் புத்தகம், உடுத்தியிருப்பது சேலை. ‘மரபை மீறிவிட்டார்கள்’ என்று அப்போது எழுந்த பேச்சில் எல்லோரும் மறந்தது, கண்கட்டே பிற்காலச் சேர்க்கை என்பதை.

‘மணி’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஜூனோ இருக்கிறாளாமே?

இருக்கிறாள். கி.மு. 344-இல் ரோமின் கேபிட்டோலின் குன்றில் ஜூனோ மொனேட்டாவுக்குக் கோயில் எழுந்தது. ‘எச்சரிப்பவள்’ என்று அந்தப் பெயருக்கு ரோமர் பொருள் சொன்னார்கள். நாணயச் சாலை அந்தக் கோயிலை ஒட்டி அமைந்ததால், கோயிலின் பெயர் காசுக்கு ஒட்டிக்கொண்டது. ஆங்கில ‘மணி’, ‘மிண்ட்’, பிரெஞ்சு ‘மொனே’, ஸ்பானிய ‘மொனேதா’ எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. ஜூனோவின் வாத்துகள் கத்தி, இரவில் குன்றேறிய ‘கால்’ (Gaul) என்ற இனத்தாரிடமிருந்து நகரைக் காத்த கதை இதே குன்றைச் சேர்ந்தது.

எல்லைக்கல்லுக்கா தெய்வம்?

ஆம், எங்களைக் கேட்டால் ரோமச் சமயத்தைப் புரிந்துகொள்ள ஜூபிடரைவிட நல்ல வாசல் டெர்மினஸ்தான். அவருக்கு உருவம் கிடையாது. நிலத்தில் நட்ட கல்லோ மரக்கட்டையோதான் அவர். பிப்ரவரி 23 அன்று, எல்லையின் இருபுறத்து நிலக்காரர்களும் கல்லருகே கூடுவார்கள். அவரவர் தத்தம் பக்கத்திலிருந்து மாலை சூட்டி, அடை வைப்பார்கள். வீட்டு அடுப்பிலிருந்து உடைந்த மண்பாண்டத்தில் தணல் கொண்டுவருவது குடும்பத் தலைவி. சிறுவன் கூடையிலிருந்து தானியத்தை மூன்று முறை நெருப்பில் இடுவான்; சிறுமி தேனடைத் துண்டுகளை நீட்டுவாள். ஆட்டுக்குட்டியின் அல்லது பால்குடிப் பன்றிக்குட்டியின் ரத்தத்தைக் கல்லில் தெளித்து, சேர்ந்து உண்பார்கள். வரப்புத் தகராறு வரக்கூடிய இடத்திலேயே ஆண்டுக்கொருமுறை இரு வீட்டாரையும் ஒன்றாக உட்கார வைத்த ஏற்பாடு இது.

கேபிட்டோலின் குன்றில் ஜூபிடருக்குப் பெருங்கோயில் கட்ட இடம் ஒதுக்கியபோது, அங்கிருந்த மற்றத் தெய்வங்களை இடம் மாற்றக் குறி சம்மதித்ததாம். டெர்மினஸ் மட்டும் அசையவில்லை. கல்லைக் கோயிலுக்குள்ளேயே விட்டு, அவர் வானம் பார்க்கும்படி கூரையில் ஒரு துளை வைத்தார்கள். பேருந்து டெர்மினஸ், விமான நிலைய டெர்மினல் எல்லாம் இவர் பெயரில்தான். லீப் ஆண்டின் மிகுதி நாள் பிப்ரவரியில் விழுவதற்கும் இவரோடு தொடர்பு உண்டு: பழைய ஆண்டு முடியும் நாளாகக் கருதப்பட்டது டெர்மினஸின் நாள். அதை அடுத்த 24-ஆம் தேதியைத்தான் ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி இரண்டு முறை எண்ணியது.

வெஸ்டாவின் நெருப்பு அணைந்தால் என்ன செய்தார்கள்?

வெஸ்டா அடுப்பின் தெய்வம். அவள் கோயிலில் சிலை இல்லை, நெருப்பு மட்டும். ஆறு கன்னியர் காத்தார்கள். 6 முதல் 10 வயதுக்குள் தேர்ந்தெடுக்கப்பட்டு 30 ஆண்டு பணி. பத்தாண்டு கற்பது, பத்தாண்டு செய்வது, பத்தாண்டு கற்பிப்பது. காவலில் இருந்தவள் நெருப்பை அணையவிட்டால் தலைமைப் பூசாரி அவளைக் கசையால் அடிப்பார். மறுபடி மூட்ட வேறு அடுப்பிலிருந்து கொள்ளி வாங்கக் கூடாது. மங்கல மரம் என்று கருதப்பட்ட பலகையைக் கடைந்து பொறி எடுத்து, வெண்கலச் சல்லடையில் ஏந்திக் கோயிலுக்குள் கொண்டுபோவார்கள்.

இந்தக் கன்னியர் மே மாதத்தில் கதிர் கொய்து, வறுத்து, இடித்து, உப்பு கலந்து செய்த மாவுக்கு ‘மோலா சல்சா’ என்று பெயர். அரசுப் பலிகளில் விலங்கின் தலைமேல் தூவுவது இதைத்தான். பலியிடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘இம்மொலேட்’ அந்த மாவிலிருந்து வந்தது. வீட்டு அடுப்புக்கு லத்தீனில் ‘ஃபோகஸ்’. ஒளிக்கதிர்கள் கூடி எரிக்கும் புள்ளிக்கு 1604-இல் வானியலாளர் கெப்ளர் அந்தப் பெயரை வைத்தார். கேமராவில் ஃபோகஸ் சரிசெய்பவர் சொல்லுவது அடுப்பின் பெயரைத்தான்.

ஆண், பெண் குறிகள் ஈட்டியும் கண்ணாடியுமா?

அப்படித்தான் பெரும்பாலான பள்ளிகளில் சொல்லித்தருகிறார்கள்: அம்பு முளைத்த வட்டம் மார்ஸின் கேடயமும் ஈட்டியும், சிலுவை தொங்கும் வட்டம் வீனஸின் முகம்பார்க்கும் கண்ணாடி. அழகான விளக்கம், ஆனால் அந்தக் கோள்களின் கிரேக்கப் பெயர்களைச் சுருக்கி எழுதியதில் பிறந்த குறிகள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். ரசவாதிகள் இவற்றை இரும்புக்கும் செம்புக்கும் பயன்படுத்தினார்கள். தாவரங்களில் ஆண், பெண் குறிக்க 1750-களில் எடுத்தாண்டவர் தாவரவியலாளர் லின்னேயஸ்.

ரோமின் ஓநாய்ச் சிலை எவ்வளவு பழையது?

ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டையருக்குப் பால் கொடுத்த ஓநாயின் வெண்கலச் சிலையைக் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். குழந்தைகள் பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்க்கப்பட்டவை என்பது முன்பே தெரியும். உள்ளிருந்த கரிமப் பொருளின் கார்பன் ஆய்வு, ஓநாயும் கி.பி. 11-12-ஆம் நூற்றாண்டு என்று காட்டியது. கதை அதைவிட மிகப் பழையது. ‘லூப்பா’ என்ற சொல் லத்தீனில் பெண் ஓநாய்க்கும் விலைமகளுக்கும் பொது. குழந்தைகளை எடுத்து வளர்த்த இடையன் மனைவியையே ஊரார் அப்படி அழைத்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் லிவியே குறிப்பிடுகிறார். ரோம் இன்றும் ஏப்ரல் 21-ஐ நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. மரபுக் கணக்கில் பிறந்த ஆண்டு கி.மு. 753.

சுதந்திர தேவியின் தலையில் ஏன் தொப்பி இல்லை?

ரோமரின் சுதந்திரத் தெய்வமான லிபர்டாஸின் அடையாளம் ‘பில்லியஸ்’ என்ற கம்பளித் தொப்பி. விடுதலை பெற்ற அடிமை அதை அணிவான். ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட வெள்ளிக் காசில் இரண்டு குத்துவாள்களுக்கு நடுவே இந்தத் தொப்பிதான். கீழே கொலை நடந்த தேதி. வாஷிங்டன் நாடாளுமன்றக் குவிமாடத்தின் மேல் வைக்கவிருந்த சிலைக்கு 1850-களில் இந்தத் தொப்பியை வரைந்தபோது, அன்றைய போர்த்துறை அமைச்சர் ஜெஃபர்சன் டேவிஸ் எதிர்த்தார். அடிமைகளை வைத்திருந்த அவருக்கு அந்தத் தொப்பியின் பொருள் நன்றாகவே தெரியும். தொப்பிக்குப் பதில் தலைக்கவசம் வந்தது. 1863-இல் சிலை மேலேறியது. 1886-இல் நியூயார்க் துறைமுகத்தில் எழுந்த சிலைக்கும் தொப்பி இல்லை, கதிர்முடிதான். கால்களருகே மட்டும் அறுந்த சங்கிலி கிடக்கிறது.

காதலர் தினம் லூப்பர்கேலியாவின் தொடர்ச்சியா?

இல்லை. பிப்ரவரி 15-இல் இளைஞர்கள் ஆட்டுத்தோல் வாரால் பெண்களை மெல்ல அடித்துக்கொண்டு ஓடிய விழா அது. பிள்ளைப்பேறு வாய்க்கும் என்ற நம்பிக்கை. காதல் கடிதத்தோடு அதை இணைக்கும் பழைய சான்று எதுவும் இல்லை, தேதி பக்கத்தில் இருப்பதைத் தவிர.

அருங்காட்சியகத்தில் தெய்வத்தை எப்படி அடையாளம் காண்பது?

முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். இடியும் கழுகும் ஜூபிடர். முச்சூலமும் டால்ஃபினும் நெப்டியூன். மீன் குத்தும் சூலம் அது. சுத்தியல், கிடுக்கி, கூம்புத் தொப்பி என்றால் வல்கன். கோதுமைக் கதிர் செரிஸ், தலைக்கவசமும் ஆந்தையும் மினெர்வா, பணப்பையும் சிறகுத் தொப்பியும் மெர்குரி. சுக்கானும் வளக்கொம்பும் ஏந்தியவள் ஃபோர்ச்சூனா.

சிலைகளில் இது ஏமாற்றும். நிலத்திலிருந்து கையில்லாமல் கிடைத்த பல சிலைகளுக்குப் பதினாறாம் நூற்றாண்டு முதல் புதுக் கைகள் பொருத்தினார்கள். சிற்பி தன் யூகப்படி ஒரு பொருளையும் கொடுத்துவிடுவார். கல்லின் நிறம் மணிக்கட்டிலோ முழங்கையிலோ மாறினால் அந்தக் கைப்பொருளை நம்ப வேண்டாம். காசுகளில் இந்தத் தொல்லை இல்லை.

தமிழ்நாட்டிலேயே ரோமத் தெய்வங்களைப் பார்க்க முடியுமா?

முடியும், காசில். கோவை, கரூர் வட்டாரங்களில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் இரண்டு வகை மிகுதி. ஒன்று அகஸ்டஸுடையது: பின்புறம் அவருடைய வளர்ப்பு மகன்கள் இருவர், நடுவே கேடயமும் ஈட்டியும், மேலே பூசைக் கரண்டியும் குறிசொல்பவரின் வளைந்த கோலும். மற்றது டைபீரியஸுடையது: பின்புறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண், அமைதியின் தெய்வமான பாக்ஸ் வடிவில் பேரரசரின் தாய் லிவியா என்று பொதுவாகக் கொள்கிறார்கள். முன்புற எழுத்தில் ‘தெய்வமான அகஸ்டஸின் மகன்’ என்று இருக்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமக் காசுகள் உண்டு.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. காசு மறுபடி காசாகப் புழங்காமல் பொன்னாகவே எடைபோடப்பட வேண்டும் என்று இங்கே யாரோ போட்ட வெட்டாக அது இருக்கலாம்.